நாலு அறை, நாலு ஆள், ஒரே துடிப்பு: உங்க போனுக்குள்ள நடக்கிற மெமரி நெரிசல்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த வாரம் பெங்களூர்ல இருந்து பேசலை. விருதுநகர் மாவட்டம், தாயில்பட்டி. எங்க ஊர். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க.

என் வேலை சிப் டிசைன். போன், டவர் மாதிரி தொலைத்தொடர்புக் கருவிகளுக்குள்ள இருக்கிற சிப்ல, பிழை திருத்துற பகுதி. அதிலும் குறிப்பா, அந்தப் பகுதிக்கான மெமரி. மெமரின்னதும் 128 ஜிபி, 256 ஜிபின்னு நினைச்சுக்காதீங்க. அது போட்டோ வைக்கிற கிடங்கு. நான் சொல்றது சிப்புக்குள்ளேயே, கணக்குப் போடுற இடத்துக்குப் பக்கத்துலேயே ஒட்டிக்கிட்டு இருக்கிற சின்ன மெமரி. அளவு கொஞ்சம்தான். ஆனா அதுக்குள்ள போறதும் வர்றதும்தான் பிழை திருத்துற வேகத்தையே முடிவு பண்ணுது.

கணக்கு வரும். ஆனா எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல போகாது. பேனா பேப்பர் இருந்தா எடுத்து வச்சுக்கோங்க.

பிழை எப்படித் திருத்தப்படுது?

டவர்ல இருந்து உங்க போனுக்கு வர்ற சிக்னல் சுவர்ல மோதி, பக்கத்து சிக்னலோட கலந்து, சோர்ந்துபோய்தான் வந்து சேருது. அனுப்பினது 0, வந்தது 1 மாதிரி தெரியும். ஒவ்வொரு தடவையும் "திரும்ப அனுப்பு"ன்னு கேட்டா வேகம் படுத்துடும். அதனால அனுப்பும்போதே கொஞ்சம் கூடுதல் பிட்களைச் சேர்த்து அனுப்புறாங்க. "இந்த மூணு பிட்டையும் கூட்டினா இரட்டைப்படை வரணும்", "அந்த அஞ்சைக் கூட்டினா இரட்டைப்படை வரணும்" மாதிரி ஆயிரக்கணக்கான விதிகள் அதுக்குப் பின்னால இருக்கு. வந்த பிட்கள் இந்த விதிகளை மீறினா, எங்கேயோ பிழை இருக்குன்னு அர்த்தம்.

1948-ல கிளாட் ஷானன் ஒரு விஷயத்தை நிரூபிச்சார். இரைச்சல் உள்ள எந்த வழியிலும் ஒரு குறிப்பிட்ட வேகம் வரைக்கும், பிழையை நாம விரும்புற அளவுக்குக் குறைக்க முடியும். எப்படின்னு நடைமுறை வழியை அவர் சொல்லலை. ராபர்ட் கேலகர் 1960-ல எம்.ஐ.டி. ஆய்வேட்டுல ஒரு வழி சொன்னார். அதுதான் எல்.டி.பி.சி. குறியீடு. விதிகள் நிறைய இருக்கும், ஆனா ஒவ்வொரு விதியும் சில பிட்களை மட்டுமே தொடும். அன்றைய கருவிகளுக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பெருசு. முப்பது வருஷம் போல அது கிட்டத்தட்ட மறந்தே போச்சு. 1993-ல ஜெனீவா மாநாட்டுல கிளாட் பெரூ குழுவினர் டர்போ குறியீட்டை அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் 1990-களின் நடுவுல டேவிட் மெக்கே, ராட்ஃபோர்டு நீல் ரெண்டு பேரும் கேலகரோட வழியைத் திரும்ப வெளிய கொண்டு வந்தாங்க. 3ஜி, 4ஜி டேட்டாவுக்கு டர்போ. 5ஜி டேட்டாவுக்கு எல்.டி.பி.சி.

இப்ப ஒரு சின்ன உதாரணம். மூணு பிட். கூட்டினா இரட்டைப்படை வரணும்ங்கறது விதி. மூணுமே 0-ன்னு அனுப்பியிருக்காங்க. உங்க போன் வாங்கின ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு "நம்பிக்கை எண்" கொடுக்கும். கூட்டல் குறின்னா 0-ன்னு நினைக்குது, கழித்தல் குறின்னா 1-ன்னு நினைக்குது. எண் பெருசா இருந்தா உறுதி அதிகம். நமக்கு வந்தது +5, -1, +3. நடுப் பிட் தப்பா வந்திருக்கு, ஆனா உறுதி குறைவு.

இப்ப விதி ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு கருத்து சொல்லும், மத்த ரெண்டையும் பார்த்து. நடுப் பிட்டுகிட்ட: "மத்த ரெண்டு பேரும் கூட்டல். அதுல பலவீனமானவரோட உறுதி 3. அதனால என் கருத்து +3." -1 கூட +3 சேர்ந்தா +2. பிழை திருந்திடுச்சு. முதல் பிட்டுகிட்ட: "மத்தவங்கள்ல ஒருத்தர் கழித்தல், பலவீனம் 1. என் கருத்து -1." அது +4 ஆகும். மூணாவதுக்கும் அதே -1. அது +2 ஆகும். முடிவு: +4, +2, +2. மூணும் 0.

எல்.டி.பி.சி. டிகோடர் பண்ற வேலை அடிப்படையில இவ்வளவுதான். ஆனா பிட்கள் ஆயிரக்கணக்குல, விதிகள் ஆயிரக்கணக்குல. ஒரு சுற்று முடிஞ்சதும் புது எண்களோட இன்னொரு சுற்று. இப்படிப் பல சுற்று. ஒவ்வொரு தடவையும் எண்ணை மெமரியில இருந்து எடுக்கணும், மாத்தணும், திரும்ப வைக்கணும்.

ஒரே கதவு

5ஜி-க்கு சர்வதேச அளவுல வச்ச உச்ச வேக இலக்கு, டவர்ல இருந்து கீழ வர்ற பக்கம், வினாடிக்கு 20 கிகாபிட். சிப்போட கடிகாரம் வினாடிக்கு 100 கோடி தடவை துடிக்குதுன்னு வைங்க. அப்ப ஒரு துடிப்புக்கு 20 பிட் திருத்தி முடிச்சு வெளிய வரணும். ஒவ்வொரு பிட்டையும் பல விதிகள், பல சுற்று தொடுது. அதனால ஒரே துடிப்புல நூற்றுக்கணக்கான மெமரிப் போக்குவரத்து நடக்கணும். ஒரு ஆள் வச்சு முடியாது. நூற்றுக்கணக்கான கணக்குப் பிரிவுகள் ஒரே நேரத்துல வேலை செய்யணும். இதைத்தான் இணை டிகோடர்னு சொல்றோம்.

சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது. சாதாரண மெமரிக்கு ஒரே ஒரு கதவு. ஒரு துடிப்புல ஒரு ஆள்தான் உள்ள போக முடியும். சரி, மெமரியைப் பல அறையாப் பிரிப்போம். நாலு ஆளுக்கு நாலு அறை. ஆனா நாலு பேருக்கும் வேண்டிய எண் ஒரே அறையில இருந்தா? மூணு பேர் வெளிய நிக்கணும். நாலு பேர் வேலைக்கு வந்து, ஒருத்தர் வேகத்துல வேலை நடக்கும்.

இது எப்பவாவது நடக்கிற விஷயமும் இல்லை. நல்ல பிழை திருத்தக் குறியீடுன்னா, பிட்கள் நல்லாக் கலைஞ்சு இருக்கணும். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற பிட்கள் ஒரே இரைச்சல்ல ஒண்ணா அடிபடும். அதனால அதுங்களைத் தள்ளித் தள்ளிப் போட்டாத்தான் திருத்தம் நல்லா வரும். ஆனா கலைச்சுப் போட்டா யாருக்கு எப்ப எந்த அறை வேணும்னு ஒரு ஒழுங்கு இருக்காது. பிழை திருத்தத்துக்கு நல்லது மெமரிக்குக் கெட்டது. ரெண்டுக்கும் நடுவுலதான் எங்க வேலை.

சுலபமான தீர்வுகள் எதுவும் சுலபமா இல்லை. ரெண்டு கதவு வைக்கலாமே? ஒரு கதவு மெமரியில ஒரு பிட்டுக்கு வழக்கமா 6 டிரான்சிஸ்டர், ரெண்டு கதவுன்னா 8. ஒயரும் கூடும், இடமும் கூடும். நானூறு பேர் வரிசையில நிற்கும்போது ரெண்டு கதவு எந்த மூலைக்கு? ஒவ்வொருத்தருக்கும் மொத்த மெமரியோட ஒரு நகல் கொடுக்கலாமே? படிக்கிறதுக்கு ஓகே. ஆனா ஒருத்தர் எண்ணை மாத்தினா எல்லா நகலையும் மாத்தணும். வாசல்ல வரிசையில நிக்க வைக்கலாமே? வைக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் பண்ணாங்க. ஆனா வரிசைக்கும் இடம் வேணும், வரிசையை நிர்வகிக்கவும் சர்க்யூட் வேணும், எப்ப முடியும்னு உறுதியும் கிடையாது.

எங்க ஊர் விதி

இந்த இடத்துல எனக்கு எங்க பக்கத்துப் பட்டாசு ஆலைகள்தான் ஞாபகம் வரும். வெளியூர்க்காரங்க பட்டாசு ஆலைன்னா ஒரு பெரிய கட்டடம்னு நினைப்பாங்க. இல்லை. தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் வந்து பார்த்தீங்கன்னா, வெட்ட வெளியில தள்ளித் தள்ளி சின்னச் சின்ன அறைகள். மருந்து கலக்குறது ஒரு இடம், மருந்து செலுத்துறது ஒரு இடம், திரி வைக்கிறது, காய வைக்கிறது, பேக்கிங் பண்றது எல்லாம் வேற வேற இடம். நாக்பூர் உரிமம், சென்னை உரிமம்னு பேசுவாங்க. உரிமத்துலேயே எத்தனை அறை, எவ்வளவு இடைவெளி, எவ்வளவு மருந்துன்னு கணக்கு இருக்கும். மருந்து கையாளுற ஒரு அறையில 4 பேருக்கு மேல இருக்கக் கூடாதுங்கறது இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு அறையில ஏதாவது ஆனா, அது அந்த அறையோட நிற்கணும், அந்த அறையில ஆட்கள் குறைவா இருக்கணும். அதுக்குத்தான் அந்த விதி. ஆனா விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் "அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதல் ஆட்கள்"ங்கற வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். 2012 செப்டம்பர் 5-ல முதலிப்பட்டியில நடந்த விபத்துல 30 பேருக்கு மேல இறந்தாங்க. எங்க தலைமுறைக்கு அந்தத் தேதி மறக்காது.

சிப்ல நாலு பேர் ஒரு கதவுல மோதினா நேரம் போகும். இங்க உயிர் போகும். ரெண்டையும் ஒரே தராசுல வைக்கலை. ஆனா எங்க அம்மா இருபது வருஷம் பட்டாசு வேலை பார்த்தவங்க, அவங்க சொல்ற ஒரு விஷயம் என் தொழிலுக்கும் பொருந்துது. "சுவத்துல நாலு பேர்னு எழுதி வச்சா மட்டும் போதாது. தீபாவளி நெருங்குது, பீஸுக்குத்தான் கூலி, அடுத்த அறைக்குச் சரக்கு தேங்கி நிக்குதுன்னா ஆள் கூடத்தான் செய்யும். கூட வேண்டிய தேவையே வராத மாதிரி வேலையை ஓட விடணும்." அதாவது வாசல்ல ஆளை நிறுத்தித் தடுக்கிறது ஒரு வழி. யாரு, எப்ப, எந்த அறைக்குன்னு முன்கூட்டியே வேலையை அமைக்கிறது இன்னொரு வழி. ரெண்டாவது வழிதான் இனி நான் சொல்லப்போற கதை முழுக்க.

4ஜி எழுதும்போது யோசிச்ச விஷயம்

3ஜி-யோட டர்போ குறியீட்டுல பிட்களைக் கலைக்கிற முறை, பிழை திருத்தத்துக்காக மட்டும் யோசிச்சு எழுதினது. அன்னைக்கு வேகம் கம்மி, ஒரு ஆள் போதும். அப்புறம் வேகம் கூடினப்ப, நாலு எட்டுப் பேரை வேலைக்கு வச்சப்ப, எல்லாரும் கதவுல மோதினாங்க. தரநிலையை மாத்த முடியாது, ஏற்கனவே கோடிக்கணக்கான போன் வெளிய இருக்கு. அதனால சிப் பண்ற ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா வரிசை, கூடுதல் மெமரின்னு ஒட்டுப் போட்டுச் சமாளிச்சாங்க.

4ஜி-க்குத் தரநிலை எழுதும்போது இதை முன்னாடியே யோசிச்சாங்க. ஜிங் சன், ஆஸ்கர் டகெஷிட்டா 2005-ல முன்வச்ச ஒரு கலைக்கும் சூத்திரத்தை எடுத்துக்கிட்டாங்க. சூத்திரம் ரொம்பச் சின்னது. பிட்டோட இடம் எக்ஸ்னா, புது இடம்: ஒரு எண் பெருக்கல் எக்ஸ், கூட்டல் இன்னொரு எண் பெருக்கல் எக்ஸ் வர்க்கம். அதை மொத்த நீளத்தால வகுத்து வர்ற மீதி. அவ்வளவுதான். 40 பிட்ல இருந்து 6144 பிட் வரைக்கும் 188 நீளங்கள், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு எண்.

பேனாவை எடுங்க. நீளம் 40-க்கு அந்த ரெண்டு எண் 3, 10. நாலு அறை: 0-ல இருந்து 9 வரை முதல் அறை, 10-ல இருந்து 19 ரெண்டாவது, 20-ல இருந்து 29 மூணாவது, 30-ல இருந்து 39 நாலாவது. நாலு ஆட்கள் முறையே 0, 10, 20, 30-ல இருந்து வேலையை ஆரம்பிச்சு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு இடம் நகர்றாங்க.

முதல் துடிப்பு. 0 போட்டா 0. 10 போட்டா 30-ம் 1000-ம், மொத்தம் 1030, 40-ஆல வகுத்தா மீதி 30. 20 போட்டா 4060, மீதி 20. 30 போட்டா 9090, மீதி 10. நாலு பேருக்கும் வேண்டிய இடம்: 0, 30, 20, 10. நாலும் வேற வேற அறை.

ரெண்டாவது துடிப்பு. 1, 11, 21, 31. போட்டுப் பாருங்க: 13, 3, 33, 23. திரும்பவும் நாலு வேற அறை. அடுத்தது 2, 12, 22, 32: விடை 6, 36, 26, 16. கடைசி வரைக்கும் போட்டாலும் ஒரு தடவை கூட ரெண்டு பேர் ஒரே அறைக்குப் போக மாட்டாங்க.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? 13, 3, 33, 23. கடைசி இலக்கம் எல்லாத்துலயும் 3. 6, 36, 26, 16-ல எல்லாத்துலயும் 6. அதாவது அறைதான் வேற. அறைக்குள்ள அலமாரித் தட்டு ஒண்ணே. நாலு அறைக்கும் ஒரே முகவரியை அனுப்பினா போதும்.

இது ஏன் எப்பவும் நடக்கும்? காரணம் ரெண்டே வரி. எக்ஸ்-ல 10 கூட்டினா, அந்தச் சூத்திரத்தோட விடை 10-ன் மடங்குலதான் மாறும். அதனால கடைசி இலக்கம் மாறாது, எல்லாருக்கும் ஒரே தட்டு. கலைக்கிற முறை ஒரே இடத்துக்கு ரெண்டு பேரை அனுப்பாது; தட்டு ஒண்ணா இருந்து இடம் வேறன்னா, அறை வேறயாத்தான் இருக்கணும். முடிஞ்சது நிரூபணம். நாலு ஆள்னு இல்லை, நீளத்தை மீதியில்லாம வகுக்கிற எந்த எண்ணிக்கைக்கும் இது பொருந்தும். 6144-ஐ 8 ஆளுக்குப் பிரிச்சாலும் சரி, 16, 32, 64 ஆளுக்குப் பிரிச்சாலும் சரி.

3ஜி-யில ஒவ்வொரு கம்பெனியும் பல வருஷம் ஒட்டுப் போட்ட விஷயம், 4ஜி-யில ஒரு வரிச் சூத்திரத்துல போயிடுச்சு. இன்னைக்கும் என்னை ஆச்சரியப்படுத்துற விஷயம் இதுதான்.

ஏழு அறை, ஏழு ஆள்

இதே யோசனையை வேற திசையில இருந்து பிடிச்ச ஒரு இந்தியர் இருக்கார். நரேந்திர கர்மார்க்கர். ஐஐடி பாம்பே மாணவர். 1984-ல பெல் லேப்ஸ்ல இருந்தப்ப நேரியல் திட்டமிடலுக்கு அவர் கண்டுபிடிச்ச வழிமுறையால உலகப் புகழ் பெற்றவர். அவர் 1991-ல சூப்பர் கம்ப்யூட்டர்களுக்காக ஒரு யோசனை வெளியிட்டார்: நிறைய கணக்குப் பிரிவுகளையும் நிறைய மெமரி அறைகளையும் எப்படி இணைக்கணும்ங்கறதை, "வீழ்ப்பு வடிவியல்"ங்கற கணிதத்துல இருக்கிற புள்ளிகள், கோடுகளை வச்சு முடிவு பண்ணலாம். புள்ளின்னா மெமரி அறை. கோடுன்னா வேலை செய்ற ஆள். எந்தக் கோட்டுல எந்தப் புள்ளி இருக்கோ, அந்த ஆளுக்கு அந்த அறை.

இதோட மிகச் சின்ன வடிவத்துல 7 புள்ளி, 7 கோடு. அறைகளுக்கு 0-ல இருந்து 6 வரை எண். ஆட்களுக்கும் 0-ல இருந்து 6. ஒவ்வொரு ஆளும் மூணு அறைக்குப் போகணும்: தன் எண் உள்ள அறை, அதுல 1 கூட்டின அறை, 3 கூட்டின அறை. 6-ஐத் தாண்டினா திரும்ப 0-ல இருந்து எண்ணணும். முதல் துடிப்புல எல்லாரும் தன் எண் உள்ள அறைக்கு. ஏழு பேர், ஏழு அறை, மோதல் இல்லை. ரெண்டாவது துடிப்புல எல்லாரும் ஒண்ணு தள்ளி. மோதல் இல்லை. மூணாவது துடிப்புல எல்லாரும் தன் எண்ணுக்கு மூணு தள்ளி. அப்பவும் மோதல் இல்லை. ஒருத்தரும் சும்மா நிக்கலை, ஒரு அறையும் காலியா இல்லை.

இன்னும் ஒரு அழகு. எந்த ரெண்டு ஆளை எடுத்தாலும் அவங்களுக்குப் பொதுவான அறை சரியா ஒண்ணுதான். எழுதிப் பாருங்க. பிழை திருத்தத்துக்கு இது பெரிய விஷயம். ரெண்டு விதிகள் ஒரே ரெண்டு பிட்களைப் பகிர்ந்துக்கிட்டா, ஒருத்தர் சொன்னதையே இன்னொருத்தர் திருப்பிச் சொல்லி, வதந்தி மாதிரி தப்பான உறுதி ஏறிடும். பொதுவா ஒண்ணே ஒண்ணுன்னா அந்தச் சின்ன வட்டம் கிடையாது. அதாவது மோதலைத் தடுக்கிற அதே அமைப்பு, திருத்தத்தோட தரத்துக்கும் உதவுது. இந்த வடிவியல்ல இருந்து எல்.டி.பி.சி. குறியீடு உருவாக்குறதை யூ கோ, ஷூ லின், ஃபோசொரியே 2001-ல விரிவா எழுதினாங்க. ஐஐடி பாம்பேயில பேராசிரியர் சச்சின் பட்கரோட குழு இந்த வடிவியல் அமைப்பை வச்சே எல்.டி.பி.சி. டிகோடர் வன்பொருளுக்கு வடிவமைப்பு பண்ணினாங்க.

5ஜி இந்த வடிவியலை எடுத்துக்கலை. ஆனா அந்த "எல்லாரும் ஒரே அளவு தள்ளி நகரணும்"ங்கற யோசனைதான் அங்கேயும் முதுகெலும்பு.

5ஜி-க்குள்ள

5ஜி எல்.டி.பி.சி.-க்கு ஒரு சின்ன அட்டவணைதான் அடிப்படை. பெரிய தொகுப்புகளுக்கானதுல 46 வரிசை, 68 நிரல். நிரல்னா பிட்களோட குழு, வரிசைன்னா விதிகளோட குழு. ஒவ்வொரு குழுவுலயும் அதிகபட்சம் 384 பேர். அட்டவணையில பெரும்பாலான கட்டம் காலி. காலி இல்லாத கட்டத்துல ஒரே ஒரு எண்: எத்தனை இடம் சுழற்றணும்ங்கறது. அந்த எண் 57-னு வைங்க. முதல் விதிக்கு 57-ங்கற பிட், அடுத்த விதிக்கு 58, இப்படி 384 பேரும் ஒரே அளவு தள்ளி. நம்ம ஏழு பேர் கதைதான், 384 பேரோட.

இதனால மெமரி வடிவமைப்பு எவ்வளவு எளிதாகுது பாருங்க. 384 எண்களையும் ஒரே அகலமான வரியா அடுக்கி வச்சா, ஒரே துடிப்புல ஒரே முகவரியில மொத்தத்தையும் எடுக்கலாம். எடுத்ததைச் சுழற்ற ஒரு சர்க்யூட் போதும். கதவு ஒண்ணு, ஆனா 384 பேர் கைகோத்து ஒரே நேரத்துல நுழையுற அளவுக்கு அகலம்.

மெமரி அளவுலயும் ஒரு சிக்கனம் இருக்கு. முன்னாடி +5, -1, +3 பார்த்தோமே. அந்த விதி மூணு பேருக்கும் சொன்ன கருத்துகளை ஞாபகம் வச்சுக்கணும், ஏன்னா அடுத்த சுற்றுல அதைக் கழிச்சுட்டுத்தான் புதுசு சொல்லணும். மூணு கருத்துகளோட அளவைப் பாருங்க: 1, 3, 1. ரெண்டே எண்தான். மிகச் சின்னது 1. அந்த 1-க்குச் சொந்தக்காரருக்கு மட்டும் ரெண்டாவது சின்னது 3. 5ஜி அட்டவணையில முதல் வரிசைகள்ல ஒரு விதி 19 பிட்களைத் தொடும். 19 கருத்தையும் 6 பிட் வீதம் வச்சா 114 பிட். ஆனா ரெண்டு அளவு, அது யாருடையதுன்னு ஒரு எண், 19 குறிகள் மட்டும் வச்சா 10-ம் 5-ம் 19-ம் சேர்ந்து 34 பிட். மூணுல ஒரு பங்குக்கும் கீழ. மெமரியைத் தொடுறது குறைஞ்சா பேட்டரி செலவும் குறையும், சூடும் குறையும்.

எல்லாம் சுத்தமா முடிஞ்சதான்னா, இல்லை. உங்க வீட்டு மாடியில டிடிஹெச் டிஷ் இருக்கா? அதுல வர்ற டி.வி.பி. எஸ்2 தரநிலையும் எல்.டி.பி.சி.-தான். 64,800 பிட் நீளத் தொகுப்பு, 360 பேர் கொண்ட குழுக்கள். ஆனா அந்த அட்டவணையில சில கட்டங்கள்ல ரெண்டு சுழற்சி எண் ஒண்ணு மேல ஒண்ணா உட்கார்ந்திருக்கு. வரிசை வரிசையாத் திருத்துற டிகோடர்ல, ஒரே பிட்டை ரெண்டு விதி ஒரே நேரத்துல மாத்தும். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் அழிச்சுடுவார். குழுவைச் சின்னதா உடைச்சு, வரிசையை மாத்தி அடுக்கின்னு பல ஆய்வுக் கட்டுரைகள் இதுக்காகவே வந்திருக்கு. 5ஜி-யிலயும், முந்தின வரிசை எழுதி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வரிசை அதே நிரலைப் படிக்க வந்துட்டா காத்திருக்கணும். எந்த வரிசைக்குப் பின்னால எதுன்னு அடுக்குறது என் அன்றாட வேலைகள்ல ஒண்ணு.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

போன வாரம் எங்க தெருவுல இசிஇ மூணாவது வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு கேட்டாள். "அக்கா, கணக்கெல்லாம் வெளிநாட்டுல யாரோ போட்டு முடிச்சுட்டாங்க. நமக்கு டூல் தெரிஞ்சா போதும், வெரிலாக் எழுதத் தெரிஞ்சா வேலை கிடைக்கும்னு சொல்றாங்க. நிஜமா?" அவ வீட்டுல ரெண்டு பேர் பட்டாசு வேலைக்குப் போறாங்க. படிப்புக்குக் கடன் வாங்கியிருக்காங்க. அவளுக்கு இது வெறும் சந்தேகம் இல்லை, அடுத்த ஒரு வருஷத்தை எதுல செலவழிக்கிறதுங்கற கேள்வி.

நான் சொன்னது இதுதான். வெரிலாக் கண்டிப்பா கத்துக்கோ. அது இல்லாம உள்ளயே விட மாட்டாங்க. ஆனா இந்தத் துறையில எது யார் கையில இருக்குன்னும் தெரிஞ்சுக்கோ. 3ஜி-யில கணக்குப் போட்டவங்க மெமரியை யோசிக்கலை. அதுக்கு விலை கொடுத்தது வன்பொருள்காரங்க. 4ஜி-யில கணக்கும் மெமரியும் தெரிஞ்சவங்க ஒரே மேஜையில உட்கார்ந்தாங்க. ஒரு வரியில தீர்ந்தது. அந்த மேஜையில உட்காரணும்னா ரெண்டும் தெரியணும். தரநிலை எழுதி முடிச்சப்புறம் வர்றவங்களுக்கு ஒட்டுப் போடுற வேலைதான் மிஞ்சும். அதுக்கும் சம்பளம் உண்டு. ஆனா அது ரெண்டாவது இடம்.

இந்தியாவுல அந்த மேஜைக்குப் போற பாதை முன்னை மாதிரி மூடிக் கிடக்கலை. 2022 மே மாசம் ஐஐடி மெட்ராஸ் தலைமையில 8 நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கின 5ஜி சோதனைக் களம் திறந்தது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ஆண்ட்ரூ தங்கராஜ், 5ஜி-யில இருக்கிற எல்.டி.பி.சி., போலார் குறியீடுகள் பத்தி என்பிடெல்-ல ஒரு முழுப் பாடமே நடத்தியிருக்கார். இலவசம். நெட் இருந்தா தாயில்பட்டியிலயும் பார்க்கலாம், சென்னையிலயும் பார்க்கலாம். இன்னைக்கு நான் சொன்ன +5, -1, +3 மாதிரியான கணக்கை அவர் படிப்படியா, புரோகிராம் எழுதியே காட்டுவார்.

அவளுக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தை உங்களுக்கும் கொடுக்கிறேன். நீளம் 40, எண்கள் 3, 10. நாலு ஆளுக்குப் பதிலா அஞ்சு ஆள், அஞ்சு அறை, அறைக்கு எட்டு இடம். எட்டு துடிப்புக்கும் கையால போடுங்க, மோதல் வருதான்னு பாருங்க. அப்புறம் ஆறு ஆள் வச்சுப் பாருங்க. 40-ஐ ஆறால சரியா வகுக்க முடியாது. நிரூபணத்துல எந்த வரி உடையுதுன்னு கண்டுபிடிங்க. அரை மணி நேர வேலை. முடிச்சவங்க அட்டவணையைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல அதைப் பத்திப் பேசலாம்.

அடுத்த தடவை போலார் குறியீடு. 5ஜி-யில டேட்டா எல்.டி.பி.சி.-யில வரும், கட்டுப்பாட்டுத் தகவல் ஏன் வேற குறியீட்டுல வருதுங்கறது அந்தக் கதை.